ஏழு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம்

"ஏழு மணி நேரம், பன்னெண்டு நிமிஷம்" என்றார் டாக்டர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பெருமையோடு தலையாட்டினார். "அவ்வளவு நேரமும் முழிச்சிருக்கேன், பாருங்க."

"இல்ல சார். அவ்வளவு நேரமும் தூங்கியிருக்கீங்க."

அது தூக்கப் பிரச்சினைகளுக்கென்றே இருக்கும் கிளினிக். முந்தின இரவு தலையிலும் நெஞ்சிலும் காலிலும் இருபது ஒயர்களை ஒட்டிக்கொண்டு அங்கே படுத்திருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஒயர் ஒட்டிய பசை அவர் தலைமுடியில் இன்னும் காயவில்லை. அதற்குள் இப்படி ஒரு அபாண்டம்.

"பக்கத்து ரூம் ஆளோட ரிப்போர்ட்டா இருக்கும், டாக்டர்."

"நேத்து நீங்க ஒருத்தர்தான் சார் படுத்திருந்தீங்க."

"நான் ராத்திரி பூரா ஃபேன் சுத்தறதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்."

"அந்த ரூம்ல ஃபேன் கிடையாது சார். ஏசிதான்."

பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிக்கடைக்காரர் விடிய விடியப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஃபேன் அவர் வீட்டுப் படுக்கையறையில்தான் இருந்தது. அதை அவர் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. கணினித் திரையை இவர் பக்கம் திருப்பி, மலைத்தொடர் மாதிரி போன கோடுகளைக் காட்டினார். "இப்படியும் ஒரு வகை இருக்கு சார். ஆள் நல்லாத் தூங்குவார். ஆனா தூங்கவே இல்லன்னு நினைச்சுக்கிட்டிருப்பார். பொய் சொல்றதில்ல, அவருக்கு நிஜமாவே அப்படித்தான் தோணும். மத்தபடி உங்களுக்கு மூச்சுத் திணறல் கிடையாது, குறட்டை கொஞ்சம் உண்டு, ஆபத்தில்லாத குறட்டை. உங்க வயசுக்கு இது முதல்தரமான தூக்கம். எனக்கே இப்படி வராது."

வேறு எந்த ஆளாக இருந்தாலும் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிருப்பான். கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் இந்த அறிக்கையின் ஒரு பிரதி அவருடைய தங்கைக்குப் போகப் போகிறது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

தங்கையோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதில் அண்ணனுக்குக் கோபம். "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். சொன்ன ஐந்தாவது மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒன்பது நாள் கிடந்தார். ஒன்பது நாளும் மகளைத்தான் கேட்டார். அண்ணனும் மனசு இளகித்தான் இருந்தார், ஆனால் அவராகப் போன் செய்வதற்கு ஒரு கூச்சம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினார். பத்தாவது நாள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. தங்கைக்கு விஷயம் மூன்று வாரம் கழித்து யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியவந்தது.

அன்றிலிருந்துதான் அவருக்குத் தூக்கம் போனது. அல்லது, போனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தூங்காதவர் என்பது அவர் வீட்டில் ஒரு அந்தஸ்து. அவர் மனைவி, 'மனுஷன் சும்மா கண்ணை மூடிக் கிடக்கறதுக்காவது தொந்தரவு இருக்கக் கூடாது' என்று அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் மிக்ஸி ஓடாது. அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். இரவில் டிவிக்குச் சத்தம் கிடையாது. வாயசைவை வைத்தே எந்த மாமியார் எந்த மருமகளுக்குக் குழி பறிக்கிறாள் என்று சொல்லிவிடும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். கடைத்தெருவில் அவருக்கு 'முழிப்பு' என்றே பெயர்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ் நிலையத்தில் மனைவியும் நாத்தனாரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஒதுங்கிப் போக வழியில்லை. "உங்கண்ணன் அன்னையிலேர்ந்து ஒரு ராத்திரி கண்ணை மூடலம்மா" என்று மனைவி சொல்லியிருக்கிறாள். தங்கைக்குக் கண் கலங்கியதாம். அடுத்த வாரம் போன் வந்தது, அண்ணனுக்கு இல்லை, அண்ணிக்கு.

"ஒரு நல்ல கிளினிக் விசாரிச்சு அண்ணன் பேர்ல பதிவு பண்ணியிருக்கேன் அண்ணி. போய்ப் பார்த்துக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் எனக்கும் ஒண்ணு வரும். பார்த்துட்டு நான் வரேன்."

தங்கை குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தெளிந்த தண்ணீரைக் கண்ணெதிரே காட்டினாலும் 'ரிப்போர்ட் எங்கே' என்பாள். சின்ன வயதில் காய்ச்சல் என்று அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் தெர்மாமீட்டரோடு வந்து நிற்கும் பிறவி. அவள் 'பார்த்துட்டு வரேன்' என்றால், பார்த்த பிறகுதான் வருவாள். பார்த்ததில் 'ஏழு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம், முதல்தரம்' என்று இருந்தால் எதற்கு வருகிறாள்?

வீட்டுக்கு வந்து, டாக்டர் கொடுத்த ஒற்றைத் தாள் சுருக்கத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். மணி எட்டேகால். ஜாரில் அரைக்க ஒன்றுமே இல்லை.

"அதை நிறுத்தேன்" என்றார்.

"பன்னெண்டு வருஷம் நிறுத்தித்தானே வச்சிருந்தேன்." அவள் நிறுத்தவில்லை, சத்தத்துக்கு மேலாகப் பேசினாள். "அவகிட்ட நான் என் வாயால சொன்னேன். இப்ப என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"நீ உண்மையைத்தானே சொன்னே."

"அப்ப இந்தத் தாள்ல இருக்கிறது என்ன?"

அதைவிடப் பெரிய ஒரு கேள்வி அவரையே குடைந்துகொண்டிருந்தது. ராத்திரி பூரா நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறான் என்றால் இவன் வருத்தப்பட்டதெல்லாம் எந்த நேரத்தில்? அப்பாவின் முகத்தை மகள் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தவனுக்கு அப்படி என்ன முதல்தரமான தூக்கம்? தூங்கவில்லை என்பது ஒன்றுதான் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை. அதுவும் நடக்கவில்லை என்கிறார்கள். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றார். "இன்னொரு ராத்திரி எடுத்துப் பாருங்க டாக்டர். அன்னிக்கு ஏதோ அசதி."

"எடுத்துடலாம் சார். நான் இதுவரைக்கும் கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கேன், எல்லாப் பரிசோதனையும் முடிஞ்ச பிறகுதான் கேமரா, சத்தப் பதிவோட முழு அறிக்கை போகும்."

இந்தத் தடவை அவர் சும்மா போகவில்லை. சாயங்காலத்திலிருந்து ஆறு காபி குடித்தார், சர்க்கரை இல்லாமல். கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ ஒரு பொட்டலம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். படுக்கையில் முதுகுக்கு அடியில் தூவிக்கொண்டால் எந்த மகானாலும் தூங்க முடியாது என்பது அவர் கணக்கு.

ஸ்க்ரூவைத் தூவி அதன் மேல் அவர் படுத்ததும், ஒயர் ஒட்டுவதற்கு முதல் தடவை வந்த அதே டெக்னீசியன் அம்மாள்தான் வந்தார். ஓய்வு பெறப் போகிற வயது, அதிர்ந்து பேசாத சுபாவம். இரவெல்லாம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் தூங்குவதைத் திரையில் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

"உங்க கண்ணாடி ஒரு பக்கமாச் சாயுது மேடம், குடுங்க" என்று வாங்கி, ஃபிரேமின் காலை இரண்டு விரலால் நிமிர்த்திக் கொடுத்தார் கண்ணாடிக்கடைக்காரர். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு நீங்கதானே பார்த்துக்கிட்டிருந்தீங்க. நான் தூங்கினேனா?"

அந்த அம்மாள் நேராகிவிட்ட கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "அதெல்லாம் டாக்டர்கிட்டதான் கேட்கணும் சார். தலையை இந்தப் பக்கம் சாய்ங்க."

சாய்த்தார். பதினேழாவது ஒயரை ஒட்டும்போது அவர் தூங்கிப்போனார்.

காலையில் டாக்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "ஏழு மணி நேரம், நாப்பது நிமிஷம். போன தடவையை விட அதிகம். ஆறு காபி குடிச்சேன்னு படிவத்துல எழுதியிருக்கீங்க, நிஜமாவா?"

"நிஜம்தான்."

"முதுகுல ஸ்க்ரூ குத்தின தடம் பதினொண்ணு இருக்குன்னு டெக்னீசியன் எழுதியிருக்காங்க. நீங்க புரண்டுகூடப் படுக்கல சார். அடுத்த மாசம் மருத்துவ மாணவர்கள் வராங்க. நீங்க ஒரு அரை மணி நேரம் வந்து உட்கார்ந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"எதுக்கு?"

"தூக்கம்னா எப்படி இருக்கணும்னு காட்டறதுக்குத்தான்."

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கெஞ்சினார் கண்ணாடிக்கடைக்காரர். அவர் முகத்தைப் பார்த்து டாக்டருக்கே பாவமாகிவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பாக ஒரு கைக்கடிகாரத்தை எடுத்தார். "உங்க மனத்திருப்திக்கு இது ஒண்ணு பண்ணலாம். ஒரு வாரம் ராத்திரி இதைக் கட்டிக்கிட்டு வீட்டுலயே படுங்க. கை அசையறதை வச்சு தூங்கறீங்களா முழிச்சிருக்கீங்களான்னு அதுவே குறிச்சுக்கும்."

கடிகாரம் கைக்கு வந்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்குப் புத்தி விபரீதமாக வேலை செய்தது. இதை என் கையில்தான் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ராத்திரி தூங்காத ஒருவன் கையில் கட்டினால் போதாதா? தூங்காமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் அவருடைய குடியிருப்பின் வாசலிலேயே இருந்தார். இரவுக் காவலாளி.

"என்ன சார் இது?" காவலாளி சந்தேகமாகப் பார்த்தார். "நான் ரவுண்ட்ஸ் போறேனான்னு பாக்க அசோசியேஷன்ல குடுத்தாங்களா?"

"சேச்சே. இது என் சொந்த விஷயம். ராத்திரி தூங்காத ஆள் கையில இருக்கணும், அவ்வளவுதான். காலையில என்கிட்ட குடுத்துடு."

"அப்ப சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. ஒம்பது வருஷமா டியூட்டில ஒரு நாள் கண்ணசந்ததில்ல சார்." காவலாளி கையை நீட்டினார். முறுக்கேறிய, நம்பிக்கையூட்டும் கை.

ஏழு இரவுகள். எட்டாம் நாள் காலை டாக்டர் கடிகாரத்தைக் கணினியில் இணைத்துப் பார்த்தார். அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"சார், தினமும் ராத்திரி ஒம்பதரைக்குப் படுத்தா காலையில ஆறே முக்கால் வரைக்கும் ஒரே தூக்கம். ஒம்பதேகால் மணி நேரம். புதன்கிழமை மட்டும் நடுவுல ரெண்டு நிமிஷம் எழுந்திருக்கீங்க."

யாரோ ஹார்ன் அடித்ததும் காவலாளி கேட் திறக்கப் போயிருப்பான் என்று கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரிந்தது. சொல்ல முடியுமா? சொன்னால் இவருடைய தில்லுமுல்லு ஒரு பக்கம் வெளியே வரும், காவலாளியின் வேலை இன்னொரு பக்கம் போகும்.

"இப்ப கதை வேற மாதிரி போகுது சார்" என்றார் டாக்டர். குரலில் பழைய மலர்ச்சி இல்லை. "இவ்வளவு தூக்கம் நல்லதில்ல. தூக்கம் அதிகமா இருக்கிறதும் ஒரு வியாதிதான். வண்டி ஓட்டாதீங்க. முழு அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன். உங்க தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை எழுதறேன், குடும்பத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கிறது நல்லது."

குடியிருப்புக்குத் திரும்பி வந்து காவலாளியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்யா, இப்படித் தூங்கியிருக்கியே?"

"நானா?" காவலாளி நிஜமாகவே நொந்துபோனார். "ராத்திரி பூரா முழிச்சிருந்தேன் சார். தெருவையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

தானும் டாக்டரிடம் இதே முகத்தோடுதான் ஃபேனைப் பற்றிச் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

வியாழக்கிழமை மனைவி அவர் எதிரில் போனைக் கொண்டுவந்து வைத்தாள். மிக்ஸிக் கோபமெல்லாம் அவளுக்குத் தணிந்திருந்தது.

"அந்தத் தாள் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்டப் பேசிடுங்க. நான் தூங்கறேனாம்மா, எனக்கே தெரியலன்னு சொல்லுங்க. நடந்ததுக்கு மனசார மன்னிப்புக் கேளுங்க. அவ ஒண்ணும் கல்லு இல்ல."

அவர் போனை எடுத்தார். தங்கையின் எண் மனப்பாடமாகத் தெரிந்தது. ஆறு எண் அழுத்தினார், ஏழு அழுத்தினார். பிறகு கீழே வைத்தார்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. மனைவிக்கும் விழுந்திருக்க வேண்டும். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைத்தான் ஒன்பது நாள் சொன்னோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை. மனிதர் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். இரவு வேலை முடிந்து டெக்னீசியன் அம்மாள் மட்டும் ஒயர்களைத் துடைத்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த ரிப்போர்ட் போகாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

"போயாகணும் சார். பதிவு பண்ணும்போதே கேட்டிருக்காங்க, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான்தானே பேஷன்ட்? நான் வேண்டாம்னு சொன்னா?"

"ஒரு ஃபாரம் இருக்கு. பேஷன்ட் எழுதிக் கொடுத்தா எங்ககிட்ட இருக்கிறது எல்லாத்தையும் அழிச்சிடணும்னு விதி. கோடு, கேமரா, சத்தம், நாங்க எழுதின குறிப்பு, எல்லாமே. அழிச்சா திரும்ப வராது. கேட்டவங்களுக்கு, 'பேஷன்ட் விருப்பப்படி அழிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி மட்டும் போகும்."

"போகட்டும், போகட்டும். ஃபாரத்தைக் குடுங்க."

"அவசரப்படாதீங்க சார். வேணும்னா ஒரு தடவை போட்டுக் காட்டறேன், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"நான் குறட்டை விடற அழகை நானே உட்கார்ந்து பார்க்கணுமாக்கும்" என்றார். "வேண்டாம் மேடம். அதை உலகத்துல யாருமே பார்க்க வேண்டாம்."

நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் கணினி முன்னால் உட்கார்ந்தார். நிச்சயமா என்று திரை ஒரு முறை கேட்டது. அந்த அம்மாளும் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்து நிறைந்து, மறைந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் பேனாவை மூடிப் பையில் செருகினார். இனிமேல் தங்கையிடம் இருக்கப் போவது அண்ணனின் வாய்ச்சொல் மட்டும்தான். அவள் நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் ரிப்போர்ட் இல்லாமல் போயிற்றே என்று அவளும் அண்ணனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டி வரும். எப்படிப் பார்த்தாலும் தூங்கினான் என்பதற்குச் சாட்சி இல்லை. அவர் கைகூப்பினார். "பெரிய உபகாரம் மேடம். ஏதாவது கண்ணாடி வேலைன்னா நம்ம கடைக்கு வாங்க."

டெக்னீசியன் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"பேஷன்ட்கிட்ட நாங்க எதுவும் பேசக் கூடாது சார், இப்ப நீங்க எங்க பேஷன்ட் இல்லங்கிறதால சொல்றேன். ரெண்டு ராத்திரியும் விடிய விடியத் தூக்கத்துல, 'அப்பா உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்காரும்மா, அண்ணன் சொன்னதை மனசுல வச்சுக்காம உடனே கிளம்பி வா'ன்னு அழுது அழுது கூப்பிட்டீங்களே, அதை அந்தத் தங்கச்சி ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்."